தொண்டிலிருந்து பணிக்கு: சேலம் – நாமக்கல் சமவெளியில் பகுதிநேரத் தொலைநிலைச் சமூகப்பணிக் கல்வி

ஆய்வுச்சுருக்கம்

இந்தியச் சமூகப்பணிக் கல்வியின் வரலாறு பெருநகரங்களின் முழுநேரக் கல்வி நிறுவனங்களை மையமிட்டே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. முதலில் பட்டம், பின்னர் களம் என்னும் வரிசை அவ்வரலாற்றில் இயல்பானதாகக் கொள்ளப்படுகிறது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இவ்வரிசை தலைகீழாக அமைந்தது. திருச்செங்கோட்டு ஆசிரமம், மதுவிலக்கு, மகளிர் மேம்பாட்டுத் திட்டம், தொட்டில் குழந்தைத் திட்டம், எச்.ஐ.வி. தடுப்புப் பணி ஆகியவை பட்டமில்லாத களப்பணியாளர்களை முதலில் உருவாக்கின. அவர்களுக்கான பட்டம் பின்னரே, அதுவும் தொலைநிலைக் கல்வியின் வழியே கிடைத்தது. அக்கல்வியின் உண்மையான குறை களப்பணி மேற்பார்வையில் உள்ளது என்பதையும், பட்டத்தின் ஏற்பு குறித்த விவாதங்கள் அக்குறையைத் தொடாமலே நடைபெறுகின்றன என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சமூகப்பணிக் கல்வி, தொலைநிலைக் கல்வி, களப்பணி, சேலம், நாமக்கல், தொண்டு, மதிப்பூதியம்.

முன்னுரை

முதுகலைச் சமூகப்பணிப் பட்டத்தைத் தொலைநிலையில் பயிலலாமா என்னும் வினா கல்விப்புலத்தில் அவ்வப்போது எழுகிறது. மருத்துவத்தையும் செவிலியத்தையும் அஞ்சலில் கற்பிக்க இயலாததைப் போலவே மனிதரோடு மனிதராகப் பழகிச் செய்யவேண்டிய தொழிலையும் அஞ்சலில் கற்பிக்க இயலாது என்பது ஒரு தரப்பு. கல்வி அனைவர்க்கும் எட்டவேண்டும் என்பது மறுதரப்பு. இரு தரப்பினரும் தம் மனத்தில் கொண்டுள்ள மாணவர் பெரும்பாலும் ஒருவரே: இளங்கலை முடித்த, இருபத்தோரு அகவையுடைய, களத்தை இனிமேல்தான் காணப்போகும் இளைஞர்.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இப்பட்டத்திற்குப் பதிவு செய்வோருள் வேறொரு வகையினரும் உளர். சுயஉதவிக் குழுக்களின் ஒருங்கிணைப்பாளர், தொண்டு நிறுவனப் பணியாளர், நம்பிக்கை மைய ஆலோசகர், அங்கன்வாடிப் பணியாளர், குழந்தைப் பாதுகாப்பு அலகின் புறத்தொடர்புப் பணியாளர் என ஏற்கெனவே களத்தில் நிற்போர் அவர்கள். அவர்களைப் பொறுத்தவரை இப்பட்டம் தொழிலுக்குள் நுழையும் வாயிலாக அமைவதில்லை. நெடுங்காலம் செய்துவரும் பணிக்குப் பின்னர் கிடைக்கும் பெயராகவே அமைகிறது. இந்நிலை உருவான வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லை, சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட சமவெளியாகும். நாமக்கல் 1997 சனவரி முதல் தனி மாவட்டமாக இயங்குகிறது. அதற்கு முற்பட்ட செய்திகளில் ‘சேலம்’ என்பது இரண்டையும் உள்ளடக்கும்.

தொண்டு, சேவை, பணி

சொற்களிலிருந்து தொடங்குவது பொருந்தும். இன்று பாடநூல்களில் வழங்கும் ‘சமூகப்பணி’ என்னும் தொடர் ஒப்பீட்டளவில் புதியது. அதற்கு முன்னர் ‘சமூக சேவை’யும் அதற்கும் முன்னர் ‘தொண்டு’ம் வழங்கின. தொண்டு என்னும் சொல் பக்தி மரபில் அடியாரின் செயலைக் குறித்தது. விடுதலைப் போராட்டக் காலத்தில் தேசத்தொண்டாக விரிந்தது. அச்சொல்லில் ஊதியம் என்னும் கருத்துக்கு இடமில்லை. சேவை என்பதும் அவ்வாறே. ‘பணி’ என்னும் சொல்லில் மட்டுமே தொண்டும் வேலையும் ஒருங்கே உள்ளன. திருப்பணி என்கிறோம், பணிக்கொடை என்றும் சொல்கிறோம். கல்விப்புலம் இச்சொல்லைத் தேர்ந்தபோது தெரிந்தோ தெரியாமலோ ஊதியக் கோரிக்கை ஒன்றையும் உடன் ஏற்றுக்கொண்டது எனலாம்.

நடைமுறையில் மூன்று சொற்களும் இன்றும் அருகருகே வழங்குகின்றன. அரசு சாரா அமைப்பு ‘தொண்டு நிறுவனம்’ எனப்படுகிறது. அதில் பணிபுரிவோர் பல நேரங்களில் ‘தன்னார்வலர்’ ஆகின்றனர். அங்கன்வாடியில் நாள்தோறும் பணியாற்றுபவர் ‘பணியாளர்’ என்று அழைக்கப்பட்டாலும், மைய அரசின் திட்ட விதிகள் அவர் பெறும் தொகையை ‘மதிப்பூதியம்’ என்றே குறிக்கின்றன. ஊதியம் என்னும் சொல்லின்முன் ‘மதிப்பு’ என்பதைச் சேர்த்தவுடன் பணிப் பாதுகாப்பும் ஓய்வுக்காலப் பயன்களும் வழக்காடிப் பெறவேண்டியவை ஆகிவிடுகின்றன. சமூகப்பணிப் பட்டத்திற்கான நாட்டத்தை இச்சொல்லாட்சியிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது.

புதுப்பாளையமும் மதுவிலக்கும்

இச்சமவெளியில் முறையான சமூக ஊழியத்தின் தொடக்கம் 1925ஆம் ஆண்டு. சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் விளங்கிய இராஜாஜி அவ்வாண்டில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதர் உற்பத்தி, தீண்டாமை ஒழிப்பு, மருத்துவ உதவி, மதுவிலக்குப் பரப்புரை ஆகியவை அதன் பணிகள். 1929இல் அங்கிருந்து வெளிவரத் தொடங்கிய ‘விமோசனம்’ மதுவிலக்குக்கென்றே நடத்தப்பட்ட இதழாகும். கல்கி அதில் துணையாசிரியராகப் பணியாற்றினார். இதழியல் வரலாற்றில் இச்செய்தி பலமுறை பேசப்பட்டுள்ளது. ஆசிரமத்தில் தங்கிச் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கு நாள்தோறும் நடந்த ஊழியர்கள் எவ்வாறு பயிற்சி பெற்றனர் என்பது அத்துணை பேசப்படவில்லை. நூற்புக் கூலி கணக்கிடுதல், குடிப்பழக்கமுள்ள குடும்பத்தின் கடனை அறிதல், நோயாளியை மருந்தகத்திற்கு அழைத்து வருதல் ஆகியவற்றை அவர்கள் மூத்த ஊழியரின் பின்சென்று கற்றனர். வகுப்பறை இல்லை, சான்றிதழும் இல்லை.

1937இல் சென்னை மாகாண முதன்மை அமைச்சரான இராஜாஜி, அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தினார். அடுத்த ஆண்டுகளில் அது சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களுக்கு விரிந்தது. வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்த செய்தியைப் பொருளியல் வரலாற்றாசிரியர் நன்கறிவர். சமூகப்பணி நோக்கில் கருதத்தக்கது வேறொன்று. குடியை நிறுத்திய ஊரில் அடுத்து என்ன செய்வது என்னும் கேள்வி ஒரு மாவட்ட நிருவாகத்தின் முன் எழுந்தது. கள்ளிறக்கும் தொழிலை இழந்தோரின் பிழைப்பு, குடும்பத்தில் மிஞ்சும் காசைச் சேமிப்பாக்குதல், மாலைப்பொழுதுக்கு மாற்று என்பவை காவல்துறையின் வேலையாக முடிந்துவிடுவன அல்ல. சட்டத்திற்கும் வீட்டிற்கும் நடுவில் நிற்கும் ஒருவரின் தேவை இங்கு அப்போதே உணரப்பட்டது. அவருக்குத் தமிழில் பெயர் இல்லை. ஊழியர் என்ற பொதுப்பெயரே இருந்தது.

நகரத்தின் பள்ளியும் தொழிற்சாலைச் சட்டமும்

ஏறத்தாழ அதே காலத்தில், 1936இல், அமெரிக்க மறைப்பணியாளர் கிளிஃபோர்டு மான்ஷார்ட்டின் முன்முயற்சியால் பம்பாயில் சர் தொராப்ஜி டாட்டா பட்டமேற்படிப்புச் சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது. 1944இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் பெற்றதும் 1964இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானதும் அதுவே. தென்னிந்தியாவில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் 1952இல் சென்னை சமூகப்பணிப் பள்ளி தோன்றியது. இரண்டாண்டு முழுநேரப் படிப்பு, வாரத்தில் இரண்டு நாள் களப்பணி, இறுதியில் ஓர் ஆய்வேடு என்ற வடிவம் நிலைபெற்றது. பல்கலைக்கழக மானியக் குழு 1965இலும் 1980இலும் வெளியிட்ட ஆய்வறிக்கைகள் இவ்வடிவத்தையே அளவுகோலாகக் கொண்டன.

இவ்விடத்தில் சிறிது விலகி நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. முழுநேரப் படிப்பே சமூகப்பணிக் கல்வியின் மூலவடிவம் என்பது உலக வரலாற்றுக்கு முழுதும் பொருந்துவதன்று. 1897இல் மேரி ரிச்மண்ட் பயிற்சிப் பள்ளி ஒன்றின் தேவையை வலியுறுத்தினார். அதைத் தொடர்ந்து 1898இல் நியூயார்க் அறக்கொடை அமைப்புச் சங்கம் நடத்திய முதல் பயிற்சி ஆறு வாரக் கோடை வகுப்பே. வந்தோருள் பலர் ஏற்கெனவே அறக்கொடைச் சங்கங்களில் பணியாற்றியவர். பம்பாயிலும் நா. ம. ஜோஷி 1911இல் தோற்றுவித்த சமூக சேவைச் சங்கம் 1920இல் தன்னார்வ ஊழியர்க்குக் குறுங்காலப் பயிற்சி அளித்தது. பணியில் இருப்போர்க்கான பயிற்சியாகப் பிறந்த கல்விதான் பின்னர்ப் பணிக்கு வரவிருப்போர்க்கான கல்வியாக மாறியது.

முழுநேரப் பட்டதாரிகளுக்கு விடுதலைக்குப் பின் உறுதியான வேலைவாய்ப்பை அளித்தவற்றுள் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் முதன்மையானது. அதன் 49ஆம் பிரிவு ஐந்நூறு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட ஆலைகளில் நலஅலுவலரை அமர்த்தவேண்டும் என்றது. கோவையின் பெருநூற்பாலைகளிலும் சென்னையின் பொறியியல் ஆலைகளிலும் இதனால் இடங்கள் உருவாயின. சேலம் வட்டாரத்தில் மேட்டூர் ஆலைகள், சேலம் உருக்காலை, சில நூற்பாலைகள் தவிர இப்பிரிவு தொட்ட ஆலைகள் மிகக் குறைவு. குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் திருச்செங்கோட்டிலும் தறிகள் ஓடுவது சிறுசிறு கொட்டகைகளில். செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் வெள்ளிக்கொலுசு வேலை வீடுகளுக்குள் நடைபெறுகிறது. ஆத்தூர், சேலம் பகுதியின் ஜவ்வரிசி ஆலைகள் பருவம் சார்ந்தவை. நாமக்கல்லின் லாரித் தொழிலாளியும் திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டித் தொழிலாளியும் பணியாற்றும் இடம் ஆண்டின் பெரும்பகுதி வெளிமாநிலச் சாலைகளே. ஐந்நூறு பேர் ஒரு கூரையின்கீழ்க் கூடாத தொழில்களின் நிலம் இது. நலஅலுவலர் என்னும் பதவி இங்கு வரவில்லை. அப்பதவிக்கு ஆளைத் தயாரிக்கும் கல்விக்கும் நெடுங்காலம் தேவை எழவில்லை. துன்பம் இருந்தது, பதவி இல்லை என்று இதனைச் சுருக்கிக் கூறலாம்.

திட்டங்கள் உருவாக்கிய பணியாளர்

இந்நிலையை மாற்றியவை 1989க்குப் பிற்பட்ட திட்டங்கள். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1989இல் தருமபுரியில் தொடங்கி, 1991–92இல் சேலத்திற்கும் தென்னார்க்காட்டிற்கும் விரிந்தது. குழுக்களை அமைத்து வழிநடத்தும் பொறுப்பு தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒவ்வொரு குழுவிற்கும் ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர், பல குழுக்களுக்கு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் என்னும் அமைப்பு உருவாயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்த, ஊரில் நடமாட அஞ்சாத பெண்கள் இப்பொறுப்புகளுக்கு வந்தனர். குழுவில் எழும் பூசலைத் தீர்த்தல், வங்கி மேலாளரிடம் பேசுதல், கடன் தவணை தவறியவரின் வீட்டுநிலையை அறிந்து குழுவிடம் நயமாக எடுத்துரைத்தல் ஆகியவற்றை அவர்கள் செய்துகொண்டே கற்றனர். பாடநூல் இவற்றைச் சமூகக் குழுப்பணி என்றும் சமுதாய அமைப்பாக்கம் என்றும் பெயரிடுகிறது. 1997–98இல் ‘மகளிர் திட்டம்’ என மாநில அளவில் அது விரிந்தபோது சேலத்துப் பெண்களில் சிலர்க்கு ஐந்தாண்டுப் பட்டறிவு வாய்த்திருந்தது.

இரண்டாவது, இம்மாவட்டத்தின் பெயரை நாடறியச் செய்த துயரம். பெண்சிசுக் கொலையைத் தடுக்கும் நோக்கில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கப்பட்டது. வளர்க்க விரும்பாத பெண்குழந்தையை அரசிடம் ஒப்படைக்கலாம் என்பது அதன் சாரம். பெற்றோர் பொறுப்பைக் கைவிடுவதை அரசே எளிதாக்குகிறது என்ற கண்டனம் அப்போதே எழுந்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு மாநிலத்தில் 942 பெண்கள் இருந்தனர், சேலத்தில் 851. கொலை குறைந்த இடங்களில் கருவிலேயே கண்டறிந்து அழித்தல் புகுந்தது என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. இத்திட்டத்தின் சுமை தொட்டிலில் இருக்கவில்லை. தொட்டிலுக்கு முந்திய மாதங்களில் இருந்தது. இரண்டு பெண்குழந்தைகளுக்குத் தாயானவர் மூன்றாவது முறை கருவுற்றிருக்கும் வீட்டிற்குள் கிராம செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் தொண்டு நிறுவனப் பெண்ணும் நுழையவேண்டும், மாமியாரிடம் பேசவேண்டும், குற்றம் சாட்டாமலும் கண்ணை மூடிக்கொள்ளாமலும் பேசவேண்டும். குழந்தை பிறந்தபின் அது உயிரோடு உள்ளதா என்பதை நலம் விசாரிப்பது போல் சென்று அறியவேண்டும். தனியாள் சமூகப்பணியில் இதனினும் கடினமான பாடம் ஒன்றைக் கற்பனை செய்வது அரிது. அதனை நடத்தியவருள் மிகப் பலர் அப்பாடத்தின் பெயரைக் கேள்விப்பட்டிராதவர்.

மூன்றாவது எச்.ஐ.வி. 1986இல் சென்னையில் சுநீதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தனர். 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்றியது. நெடுஞ்சாலை லாரித் தொழிலின் தலைமையிடமாகிய நாமக்கல், தொற்று மிகுந்த மாவட்டங்களின் முன்வரிசையில் வைத்துப் பேசப்பட்டது. பரிசோதனை நிலையம் தோறும் ஆலோசகர் என்னும் பதவி உருவானபோதுதான், சமூகப்பணி அல்லது அதனோடு ஒத்த பாடத்தில் பட்டம் வேண்டும் என்னும் தகுதி விதியை இவ்வட்டாரத்துப் பணியாளர் பலர் முதன்முதலாக நேர்கொண்டனர். அதுவரை அனுபவமே தகுதியாக இருந்தது. 2009இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் வந்தது. மாவட்டம்தோறும் பாதுகாப்பு அலுவலர், ஆலோசகர், சமூகப்பணியாளர், புறத்தொடர்புப் பணியாளர் என்ற பணியிடங்கள் ஒப்பந்த அடிப்படையில் தோன்றியபோது அவ்விதி மேலும் இறுகியது. பதினைந்து ஆண்டுக் களஅறிவுடைய ஒருவர், பட்டத்துடன் வெளியூரிலிருந்து வந்த இளையவரின்கீழ்ப் பணியாற்றும் நிலை உருவாயிற்று. இளையவரைக் குறைகூற இதில் ஒன்றுமில்லை. அவருக்கு ஊரின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்பது பணிப்பதிவேட்டில் ஏறவில்லை என்பதே செய்தி.

அஞ்சல்வழியும் திறந்தநிலையும்

பணியை விட்டுவிட்டுச் சென்னைக்கோ கோவைக்கோ சென்று இரண்டாண்டு பயிலுதல் இவர்களுக்கு இயலாது. மதிப்பூதியம் சிறிதே என்றாலும் அதனை இழக்க முடியாது. பலர்க்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தனர். எஞ்சிய வழி தொலைநிலைக் கல்வி. அதன் அமைப்பு ஏற்கெனவே தயாராக இருந்தது. 1962இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி 1971இல் மதுரைக்கும், 1979இல் அண்ணாமலைக்கும், 1981இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கும் வந்தது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டன. சேலத்தில் 1997இல் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகம் 2001இல் தன் தொலைநிலைக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கியது. தமிழ், வரலாறு, வணிகவியல் முதலிய பாடங்களே தொடக்கத்தில் இவ்வமைப்பில் மிகுந்திருந்தன. தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2007இல் சமூகப்பணிக்கெனத் தனிப்புலம் அமைத்தபின் அப்பாடம் தொலைநிலையில் வேரூன்றியது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் எம்.எஸ்.டபிள்யூ. பட்டத்தை வழங்கும் நிறுவனங்களுள் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை நேரடி வகுப்பு, கையால் எழுதி அளிக்கும் ஒப்படைப்பு, ஆண்டிற்கு இருமுறை தேர்வு, இரண்டாண்டில் முடிக்க இயலாதவர்க்குக் கூடுதல் கால இசைவு ஆகியவை இம்முறையின் கூறுகள். பகுதிநேர மாணவர்க்கு இக்கூடுதல் காலமே உயிர்நாடி. அறுவடைக்காலத்திலும் குடும்ப நிகழ்வுகளின்போதும் தேர்வை ஒத்திவைக்க அது இடமளித்தது. மொழிச்சிக்கல் வேறு. தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பாடநூல்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அமைந்தவை. ஓமலூர்ப் பக்கத்து வீட்டில் நடந்த உரையாடலை ஆங்கிலக் கலைச்சொற்களில் மாற்றி எழுதும் உழைப்பு, பாடத்தைக் கற்கும் உழைப்பினும் மிகுதியாயிற்று. தமிழ்க் கலைச்சொல்லாக்கம் இத்துறையில் இன்றும் ஒருமைப்படவில்லை. தனியாள் பணி, தனிநபர் பணி, சமூகச் சார்பாய்வுப் பணி என ஒரே கருத்துக்குப் பல சொற்கள் புழங்குகின்றன. தமிழ் ஆய்வுலகம் கவனம் செலுத்தவேண்டிய இடம் இது.

களப்பணி என்னும் சிக்கல்

சமூகப்பணிக் கல்வியின் நடுநாடி களப்பணி. மானியக் குழு 2001இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டமும் அதனை உறுதிப்படுத்துகிறது. மாணவர் ஒரு நிறுவனத்தில் குறித்த நாள்கள் பணியாற்றவேண்டும். நாள்தோறும் குறிப்பேடு எழுதவேண்டும். மேற்பார்வையாளர் அதனைப் படித்து, நீ ஏன் அவ்விடத்தில் அவ்வாறு சொன்னாய் என்று வினவவேண்டும். இந்த வினாவே கல்வி. ஏற்கெனவே களத்தில் இருப்பவர்க்கு இது இன்னும் தேவை. பட்டறிவு பழக்கமாக இறுகியிருக்கும். பதினைந்து ஆண்டு ஒருவகையாகச் செய்ததைக் கேள்விக்கு உட்படுத்த வெளியிலிருந்து ஒருவர் வேண்டும்.

தொலைநிலையில் இங்கேதான் நூல் அறுகிறது. மாணவர் தம் பணியிடத்தையே களமாகக் காட்டும்போது அவருடைய அன்றாட வேலைக்கும் களப்பணிக்கும் வேறுபாடு மறைகிறது. மேற்பார்வையாளர் பகுதிநேரமாக அமர்த்தப்பட்டவர், அவருக்கு ஒதுக்கப்படும் மாணவர் பலர், பயணப்படி சொற்பம். இதற்குச் சான்று தேடி இக்கட்டுரையாளர் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. சுயஉதவிக் குழு ஒருங்கிணைப்பாளராகப் பல்லாண்டு உழைத்த என் தாயார் தம் நாற்பதாம் அகவையில் தொலைநிலையில் இப்பட்டத்தைப் பயின்றார். அவருடைய களப்பணிக் குறிப்பேட்டில் ஓராண்டுக்குரிய மேற்பார்வைக் கையொப்பங்கள் அனைத்தும் ஒரே ஞாயிறு பிற்பகலில் ஒரே பேனாவால் இடப்பட்டவை. கையொப்பமிட்டவர் தீயவர் அல்லர். அன்று அவர்முன் இருந்த குறிப்பேடுகளின் அடுக்கு உயரமானது. தாயாருக்கு மதிப்பெண் கிடைத்தது. எவரும் எதையும் கேட்கவில்லையே என்னும் ஏமாற்றம் அவர்க்கு இன்றும் உண்டு.

முழுநேரக் கல்லூரிகளில் இக்குறை இல்லை என்று கூறுவதும் பொருந்தாது. அங்கும் களப்பணி ஒப்புக்கு நடைபெறும் நேர்வுகளைத் துறையினர் அறிவர். எனினும் அங்கு மாணவரும் ஆசிரியரும் வாரந்தோறும் ஒரே கட்டடத்தில் சந்திக்கின்றனர். கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு அடுத்த வாரமும் வரும். தொலைநிலையில் அவ்வாய்ப்பைத் திட்டமிட்டு உருவாக்கவேண்டும். மாணவர் தம் பணியிடம் அல்லாத இரண்டாவது களம் ஒன்றில் சில வாரங்களேனும் இருத்தல், அருகமைக் கல்லூரியின் ஆசிரியர் ஒருவர் மாதம் ஒருமுறை சிறு குழுவாகக் குறிப்பேடுகளை வாசித்து உரையாடுதல் என்பன பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. மகுடஞ்சாவடி அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் நாமக்கல் லாரிப்பேட்டை நம்பிக்கை மையத்தில் நான்கு வாரம் இருந்தால், தம் ஊரையே அவர் வேறு கண்ணால் காண்பார் என்பது என் எண்ணம்.

ஏற்பும் மறுப்பும்

பட்டத்தின் ஏற்பு குறித்த வழக்குகளும் ஆணைகளும் முற்றிலும் வேறு தடத்தில் சென்றன. பள்ளிக்கல்வியும் இளங்கலையும் முறையாக முடிக்காமல் திறந்தநிலையில் பெறும் முதுகலைப் பட்டம் செல்லுமா என்னும் வினாவில், மானியக் குழுவின் விதிகள் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்தும் என 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாளிட்ட தமிழ்நாடு அரசின் பணியாளர் மற்றும் நிருவாகச் சீர்திருத்தத் துறை அரசாணை எண் 107, பத்தாம் வகுப்பும் மேல்நிலைக் கல்வியும் முடிக்காமல் பெற்ற திறந்தநிலைப் பட்டங்களை அரசுப் பணிக்கு ஏற்க இயலாது என அறிவித்தது. திருமணத்தால் பள்ளிப்படிப்பு அறுந்து, திறந்தநிலையில் மீண்டும் தொடங்கிய பெண்களே இதனால் மிகுதியும் தாக்குண்டிருப்பர் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது. 2013இல் மானியக் குழு ஆட்சியெல்லை விதியை வலியுறுத்தியபோது, வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களின் பெயரில் நடைபெற்ற கல்வி மையங்களின் நிலை கேள்விக்குள்ளாயிற்று. 2020ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளும் 2022 செப்டம்பரில் வெளியான அறிவிப்பும் ஏற்கப்பட்ட தொலைநிலைப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்கு இணையானவை என உறுதி கூறின.

அண்மை நிகழ்வு ஒன்று இவ்வுறுதியை மீண்டும் அசைக்கிறது. 2021ஆம் ஆண்டின் தேசிய இணைநிலை மற்றும் உடல்நலத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின்கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக்கூடாது என மானியக் குழு 2025இல் அறிவித்தது. உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல் முதலியன அதில் பெயர் சுட்டப்பட்டன. சமூகப்பணி அப்பெயர்களுள் இல்லை. ஆயினும் அச்சட்டத்தின் அட்டவணையில் மருத்துவச் சமூகப்பணியாளரும் உளமருத்துவச் சமூகப்பணியாளரும் எச்.ஐ.வி. ஆலோசகரும் இடம்பெற்றுள்ளனர். நாமக்கல்லின் நம்பிக்கை மையத்தில் பணியாற்றிக்கொண்டே பயிலும் ஒருவர்க்கு இவ்வட்டவணை வெறும் சட்டச்செய்தியாக இராது.

இதற்கு மாறான ஒரு சட்டமும் உண்டு. சிறார் நீதிச் சட்டம் இளைஞர் நீதிக் குழுமத்தில் நடுவரோடு இரண்டு ‘சமூகப்பணியாளர்’ அமரவேண்டும் என்கிறது. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு அவர்க்குரிய தகுதியாகக் குழந்தைகளின் உடல்நலம், கல்வி, நலப்பணிகளில் ஏழாண்டு ஈடுபாட்டை வைக்கிறது. அல்லது குழந்தை உளவியல், உளமருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் நடத்துபவராக இருக்கலாம் என்கிறது. சமூகப்பணிப் பட்டம் அப்பட்டியலில் இல்லவே இல்லை. மாதத் தொகுப்பூதியப் பணியிடத்திற்கு இன்றியமையாததாகக் கேட்கப்படும் பட்டம், நீதி வழங்கும் இருக்கைக்குக் கேட்கப்படவில்லை. தொண்டுக்கும் பணிக்கும் இடையிலான பழைய ஊசலாட்டம் சட்டத்திற்குள்ளும் தொடர்கிறது.

குறிப்பேடுகள்

வரலாற்று மாணவர் என்ற நிலையில் கவலை தரும் செய்தி இன்னொன்று. இவ்வட்டாரத்தின் அமைப்புசாரா உழைப்பைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்கள் எழுதியது. பவானி, குமாரபாளையம் தறித்தொழிலாளர் வாழ்வைக் கீர்ட் டி நேவ் 2005இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். தறிமுதலாளியிடம் தொழிலாளி பெறும் முன்பணத்திற்கு இங்கு வழங்கும் ‘பாக்கி’ என்னும் சொல் ஆய்வுலகில் அறிமுகமானதில் அந்நூலுக்குப் பங்குண்டு. அதே தெருக்களில் வாழ்ந்து பணியாற்றிய தொலைநிலை மாணவர்களும் பாக்கியைப் பற்றி எழுதினர். அவர்கள் எழுதியது களப்பணிக் குறிப்பேட்டில். அவை மதிப்பெண்ணுக்காகக் கல்வி மையத்தில் அளிக்கப்பட்டன. விடைத்தாள்களைப் போலவே அவற்றுக்கும் ஒரு காலவரம்பு உண்டு. அதன்பின் அவை பழைய தாளாகின்றன.

என் தாயார் அளித்த செம்மைப்படி இன்று எங்குள்ளது என அறிய வழியில்லை. அதற்கு முன் எழுதிய கரட்டுப்படி மட்டும் வீட்டுப் பரணில் தகரப்பெட்டிக்குள் உள்ளது. நாற்பது பக்க நோட்டு மூன்று. முதல் நோட்டில் பள்ளிபாளையம் ஒன்றியத்துத் தறிக்குடும்பங்கள் வரிசையாகப் பதியப்பட்டுள்ளன: தறி எத்தனை, பாக்கி எவ்வளவு, எந்த ஆண்டு வாங்கியது, எதற்காக. கடைசிப் பத்தியில் காரணங்கள். திருமணம், பிரசவம், மருத்துவம் என அவை தொடர்கின்றன. சில வரிகளில் காரணம் எழுதப்படாமல் பென்சிலால் ஒரு சிறு வட்டம் மட்டும் இடப்பட்டுள்ளது. அவ்வட்டத்தின் பொருளை வினவியபோது, அந்த வீடுகளில் கேட்கவேண்டாம் என்று தோன்றியதாகச் சொன்னார். அளித்த செம்மைப்படியில் அவ்விடங்களில் ‘இதர செலவுகள்’ என்று எழுதிவிட்டாராம்.